பாடம் உன் விருப்பம், வாசல் எங்கள் பொறுப்பு: தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வளாக வாழ்க்கை

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் தேசிய நெடுஞ்சாலை ஏறக்குறைய 55 கிலோமீட்டர். துவாக்குடியில் மத்திய அரசின் என்.ஐ.டி. செங்கிப்பட்டியைத் தாண்டினால் திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா. கொஞ்ச தூரத்தில் வல்லத்தில் பெரியார் மணியம்மை, பிரிஸ்ட் என இரண்டு நிகர்நிலைகள். தஞ்சைக்குள் நுழையும் முன் மாநில அரசின் தமிழ்ப் பல்கலைக்கழகம். ஒரே பேருந்துப் பயணத்தில் இத்தனை பட்டம் வழங்கும் நிறுவனங்கள். ஒரு வளாகம் ராமானுஜன் பெயரில் உலக அளவிலான கணிதப் பரிசு கொடுக்கிறது. பக்கத்து வளாகம் பெரியார் பெயரைத் தாங்கிப் பகுத்தறிவு பேசுகிறது. இரண்டிலும் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் உண்டு. இரண்டு வாசலிலும் அடையாள அட்டை கேட்கும் காவலர் உண்டு.

எதில் சேர்ப்பது என்ற பேச்சு பிளஸ் டூ முடித்த பிள்ளையின் வீட்டில் மூன்று கேள்விகளோடு முடிந்துவிடும். ஃபீஸ் எவ்வளவு? பிளேஸ்மென்ட் எப்படி? ரேங்க் என்ன? அங்கே நான்கு ஆண்டு பிள்ளை எப்படி வாழப்போகிறது என்பது நான்காவது கேள்வியாகக்கூட எழுவதில்லை. எழுந்தாலும் "ஹாஸ்டல் சாப்பாடு பரவாயில்லையா, பொம்பளைப் பிள்ளைக்குப் பாதுகாப்பா" என்பதோடு நின்றுவிடும்.

இந்தக் கட்டுரை அந்த நான்காவது கேள்வியை முதலில் வைத்துத் தமிழகத் தனியார் நிகர்நிலைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறது. முடிவையும் இப்போதே சொல்லிவிடலாம். இவ்வளாகங்கள் பாடத்தில் மாணவரை வளர்ந்த மனிதராக மதிக்கக் கற்றுக்கொண்டன. விடுதியிலும் வாசலிலும் பொதுவாழ்விலும் இன்னும் பள்ளிப் பிள்ளையாகவே நடத்துகின்றன.

பிறந்த விதம்

தமிழ்நாட்டுக்குத் தனியார் பல்கலைக்கழகம் புதிதல்ல. 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், தம் கல்வி நிறுவனங்களோடு 20 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. கல்லூரிகளை இணைத்துத் தேர்வு மட்டும் நடத்துவதற்காக அது எழவில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாக எழுந்தது. ஆயிரக்கணக்கான உபரி ஊழியர்களோடு நிதி நெருக்கடியில் விழுந்த பிறகு, 2013-ல் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து அதைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. நிறுவனர் குடும்பத்தை நம்பி நிற்கும் பல்கலைக்கழகத்தின் உயரமும் பள்ளமும் அந்த ஒரு வரலாற்றுக்குள் இருக்கின்றன.

'நிகர்நிலை' என்ற தகுதி, 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. ஒரு துறையில் தனித்தன்மையோடு இயங்கும் நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமை தரலாம் என்பதே அதன் நோக்கம். தொடக்கத்தில் தகுதி பெற்றவற்றைப் பார்த்தாலே அது விளங்கும். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1956-ல் நிறுவிய காந்திகிராம கிராமிய நிறுவனம் 1976-ல் பெற்றது. கோவையில் பெண் கல்விக்காக தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய நிறுவனம் 1988-ல் பெற்றது. இரண்டும் அரசு நிதியில் நடப்பவை. இரண்டுக்கும் சொல்லத்தக்க ஒரு கொள்கை இருந்தது.

அடுத்த தலைமுறை வேறு. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. வேலூர் பொறியியல் கல்லூரியும் (இன்றைய வி.ஐ.டி.) தஞ்சை சண்முகா கல்லூரியும் (இன்றைய சாஸ்த்ரா) கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் கல்லூரியும் வண்டலூர் கிரசென்ட் கல்லூரியும் அந்த ஆண்டுப் பிள்ளைகள். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். 1985. சிறுவாணி அடிவாரத்துக் காருண்யா 1986. பழைய மகாபலிபுரம் சாலையில் சத்யபாமா 1987. வல்லத்தில் பெண்களுக்கென்றே தொடங்கிய பெரியார் மணியம்மை 1988.

இக்கல்லூரிகள் ஏன் நிகர்நிலை ஆயின? 2001-ஐ ஒட்டித் தமிழகப் பொறியியல் கல்லூரிகள் அனைத்தும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. பாடத்திட்டம், வினாத்தாள், விடைத்தாள் திருத்தம் எல்லாம் கிண்டியில் முடிவாகின. இடங்களில் பெரும்பகுதியை அரசுக் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும். கட்டணத்தைக் கமிட்டி நிர்ணயிக்கும். நிகர்நிலையானால் இவை அத்தனையும் ஒரே கையெழுத்தில் போய்விடும். அதே 2001-ல் வி.ஐ.டி., சாஸ்த்ரா, சத்யபாமா, 2002-ல் எஸ்.ஆர்.எம்.; 2003-ல் எட்டிமடை அமிர்தா; 2004-ல் காருண்யா; 2006-ல் கலசலிங்கம்; 2007-ல் பெரியார் மணியம்மை என வரிசையாகத் தகுதி வந்தது. நாட்டிலேயே நிகர்நிலைகள் மிக அதிகமுள்ள மாநிலமாகத் தமிழ்நாடு மாறியது இப்படித்தான்.

தடுக்கி விழுந்த இடங்களும் உண்டு. 2009-ல் மத்திய அரசு அமைத்த டாண்டன் குழு 126 நிகர்நிலைகளை ஆராய்ந்து 44-க்கு அந்தத் தகுதியே கூடாது என்றது. அந்த 44-ல் 16 தமிழ்நாட்டில் இருந்தன. விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் இழுத்தடிக்க, பெரும்பாலானவை தப்பித்துக்கொண்டன. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, நிகர்நிலைகள் வெறுமனே 'பல்கலைக்கழகம்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு உத்தரவிட்டது. பெயர்ப்பலகைகளை மாற்றி எழுதினார்கள். உள்ளே எதுவும் மாறவில்லை. சட்டமன்றம் நேரடியாக உருவாக்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்குத் தமிழகம் 2018-ல்தான் கதவைத் திறந்தது. ஷிவ் நாடார், சாய் பல்கலைக்கழகங்கள் அப்படி வந்தவை. 2025 அக்டோபரில், இருக்கும் கல்லூரிகளே பல்கலைக்கழகமாக மாற வழிசெய்யும் திருத்த மசோதா வந்தபோது ஆசிரியர் அமைப்புகளும் கட்சிகளும் எதிர்த்தன; அரசு பின்வாங்கியது.

யார் கட்டுகிறார், எவ்வளவு கட்டுகிறார்

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேருபவருக்கு 2017-ல் கமிட்டி நிர்ணயித்த ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 50,000 அல்லது 55,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000 அல்லது 87,000. நிகர்நிலைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பொறியியலுக்கே ஆண்டுக்கு லட்சங்களில் போகும். நிகர்நிலை மருத்துவக் கல்லூரி என்றால் ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும்.

கட்டணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில் வளாகத்துக்கு வளாகம் வித்தியாசம் இருக்கிறது. வி.ஐ.டி. தன் நுழைவுத் தேர்வு ரேங்க்கை வைத்து ஐந்து கட்டணப் பிரிவுகள் வைத்திருக்கிறது. ரேங்க் கீழே இறங்க இறங்கக் கட்டணம் மேலே ஏறும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடம் படிக்கும் இருவரில் ஒருவர் மற்றவரைவிட இரு மடங்குக்கும் அதிகமாகக் கட்டியிருக்கலாம். அமிர்தா இதையே தலைகீழாகச் செய்கிறது: முழுக் கட்டணத்தைச் சொல்லிவிட்டு, ரேங்க்குக்கு ஏற்ப உதவித்தொகை என்று கழிக்கிறது. சாஸ்த்ரா சொந்த நுழைவுத் தேர்வே வைப்பதில்லை, ஜே.இ.இ. மெயின் மதிப்பெண்ணையும் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் பார்க்கிறது, ஒரு பகுதி இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே போதும். கோச்சிங் வகுப்புக்கு வழியில்லாத மாவட்டத்துப் பிள்ளைக்கு இந்த மூன்றில் எது தோதானது என்று விளக்க வேண்டியதில்லை.

எழுந்து நிற்கும் சுவர் சமூகநீதியில்தான். 69 சதவீத இடஒதுக்கீடு, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2021-ல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு ஆகியவை ஒற்றைச்சாளரக் கலந்தாய்வோடு சேர்ந்து வருபவை. நிகர்நிலை வாசலில் இவை செல்லாது. இங்கே தனித்தனி நற்பணிகள்தான் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து மாவட்ட அளவில் முதலிடம் பெறும் கிராமப்புற மாணவ மாணவியருக்கு வி.ஐ.டி. இலவசமாக இடம் தருகிறது. கலசலிங்கம், காது கேளாத மாணவர்களுக்குத் தனியாகப் பொறியியல் வகுப்பு நடத்துகிறது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் தருபவர் மனம்வைத்தால் கிடைப்பதும், சட்டப்படி கேட்டுப் பெறுவதும் ஒன்றாகிவிடாது.

வகுப்பறையில் கிடைத்த சுதந்திரம்

நியாயமாகப் பாராட்ட வேண்டிய இடம் இது. இணைப்புக் கல்லூரியில் செமஸ்டருக்கு என்ன பாடம், யார் நடத்துவார், எப்போது வகுப்பு என்பதில் மாணவருக்கு வாயே கிடையாது. வேலூரில் நடப்பதைப் பாருங்கள். முழு நெகிழ்வுக் கிரெடிட் முறையில், எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் எடுப்பது, எந்த ஆசிரியரிடம் படிப்பது, காலையா மாலையா என்பதை மாணவரே முடிவு செய்கிறார். பதிவு நாளன்று விடுதி அறைகளில் ஒரு தேர்தல் நாளின் பரபரப்பு இருக்கும். முந்தின இரவே சீனியர்களிடம் விசாரித்து, ஒரு தாளில் ஸ்லாட் ஸ்லாட்டாகக் கட்டம் போட்டு வைத்திருப்பார்கள். எந்த சார் நன்றாக நடத்துவார், எந்த மேடம் தாராளமாக மார்க் போடுவார் என்று இரண்டு தனித்தனிப் பட்டியல்கள். குறித்த நேரத்தில் இணையதளம் திறக்கும். சில நிமிடங்களில் பிடித்த ஆசிரியரின் இடங்கள் தீர்ந்துவிடும். கிடைக்காதவர் போட்டு வைத்த கட்டத்தை அழித்து மறுபடி போடுவார்.

குறை இல்லாமல் இல்லை. நல்ல ஆசிரியரைத் தேடுபவரைவிட மார்க் போடும் ஆசிரியரைத் தேடுபவர்கள் அதிகம் என்று ஆசிரியர்களே சலித்துக்கொள்கிறார்கள். மாணவர் சேராவிட்டால் தன் வகுப்பு காலியாகுமே என்ற பயத்தில் கண்டிப்பான ஆசிரியரும் இளகிவிடுவதுண்டு. என்றாலும் பதினெட்டு வயதுக்காரர் தன் கல்வியைத் தானே அடுக்கிப் பார்க்கும் பயிற்சி இதில் இருக்கிறது. தப்பாக எடுத்தாலும் அது அவர் எடுத்த முடிவு.

ஆய்வுத் தளத்திலும் இவ்வளாகங்கள் சும்மா இருக்கவில்லை. மாணவர்கள் பங்கெடுத்து உருவாக்கிய எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபரில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போனது, சத்யபாமாவின் செயற்கைக்கோள் 2016 ஜூனில் போனது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீட்டை சாஸ்த்ரா வாங்கிப் பராமரிக்கிறது. 2005 முதல் அது தரும் ராமானுஜன் பரிசு, 32 வயதைத் தாண்டாத கணித அறிஞர்களுக்கானது. முதல் ஆண்டில் மஞ்சுள் பார்கவாவும் கண்ணன் சௌந்தரராஜனும் பெற்றார்கள். மறு ஆண்டு டெரன்ஸ் தாவோ. பின்னாளில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற பலரை அதற்கு முன்பே கும்பகோணம் அடையாளம் கண்டுவிட்டது. சோழ நாட்டு ஊர் ஒன்றை உலகக் கணித வரைபடத்தில் ஆண்டுதோறும் நினைவூட்டும் ஏற்பாடு இது.

மெஸ் சொல்லும் கொள்கை

பாடத்திட்டத்தைப் பார்த்து இந்த வளாகங்களைப் பிரித்தறிவது கடினம். சாப்பாட்டு நேரத்தில் பிரித்தறியலாம்.

கோவை எட்டிமடை அமிர்தாவில் மெஸ் முழுக்க சைவம். மாதா அமிர்தானந்தமயி மடத்தின் நிழல் அன்றாட வழக்கங்களில் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் பக்கத்திலேயே இருப்பதால் காதில் விழும் மொழியில் பாதி மலையாளம். அதே கோவையின் இன்னொரு மூலையில், டி.ஜி.எஸ். தினகரன் தொடங்கிய காருண்யாவில் ஆலயமும் ஜெபமும் வளாக வாழ்வின் பகுதி. இரவில் யானை நடமாட்டம் உள்ள மலையடிவாரம் என்பதால் நடைப்பயிற்சிக்குக்கூட எச்சரிக்கை வேண்டும். காந்திகிராமத்தில் கதரும் சாந்திசேனையும் கிராமத்தில் தங்கிச் செய்யும் பணியும். வேலூரிலும் காட்டாங்குளத்தூரிலும் மதம் பின்னால் நிற்கிறது, சந்தை முன்னால் நிற்கிறது: சைவம், அசைவம், ஸ்பெஷல் எனப் பணத்துக்கேற்ற மெஸ், ராஜ்மாவும் ரொட்டியும் ஒரு வரிசையில், சாம்பாரும் பொரியலும் இன்னொரு வரிசையில், வெளியே ஷவர்மாக் கடை.

நிறுவனர் நம்புவதுதான் வளாகத்தின் எழுதாத விதி. ஆன்மிகத்தை நம்பினால் தட்டில் தெரியும். வியாபாரத்தை நம்பினால் ஃபுட் கோர்ட்டில் தெரியும். எதையும் குறை என்று தள்ள முடியாது. சேரும் முன் தெரிந்துகொண்டு சேர்ந்தால் போதும். மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத தூத்துக்குடிப் பையன் நான்கு வருடம் சைவ மெஸ்ஸில் உட்கார வேண்டியிருக்கும் என்பதை எந்த அட்மிஷன் கவுன்ட்டரும் வலியச் சொல்லாது.

வாசல்

இப்போது அந்த முரணுக்கு வருவோம். காலையில் தன் ஆசிரியரைத் தானே தேர்ந்தெடுத்த அதே மாணவி, மாலையில் டவுனுக்குப் போய்த் தோழியின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் வாங்கிவர நினைக்கிறாள். பெரும்பாலான வளாகங்களில் நடைமுறை இதுதான்: செயலியில் அவுட் பாஸ் போட வேண்டும். அப்பாவின் கைப்பேசிக்குச் செய்தி போகும். அவர் வயலிலோ பட்டறையிலோ இருந்தால், பார்த்து ஒப்புதல் தரும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு வார்டன் ஒப்புதல். வாசலில் விரல் ரேகை. திரும்பும் நேரம் தாண்டினால் மறுபடி அப்பாவுக்கு அழைப்பு. அந்த அப்பாவும் வார இறுதி நாளில் மகள் கேட்டால் மறுத்துவிடுகிறார். விசாரிக்க நேரமில்லாதவருக்கு மறுப்பதே சுலபம்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்ட கொடுமை தமிழகத்தையே உலுக்கியது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதன் பிறகு முதலாண்டு மாணவர்களுக்குத் தனி விடுதி, கேமரா, காவலர் என்று ஏற்பாடுகள் இறுகின. அவை உயிர் காத்தன, சந்தேகமில்லை. ராகிங்கைத் தடுக்க வந்த வேலி, நாளடைவில் ஆணும் பெண்ணும் நின்று பேசுவதைத் தடுக்கும் வேலியானது. சில வளாகங்களில் வகுப்பிலும் பேருந்திலும் தனித்தனி வரிசை, தனித்தனி படிக்கட்டு. உடை விதி பெரும்பாலும் பெண்களுக்கு மட்டும் நீளமாக எழுதப்பட்டிருக்கும். பெண்கள் விடுதி அடைக்கும் நேரம் ஆண்கள் விடுதியைவிட முன்னதாகவே இருக்கும்.

இது வழக்கம் மட்டுமல்ல, விதிமீறலும்கூட. பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கென மானியக் குழு வகுத்து 2016-ல் அரசிதழில் வெளியான விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதிப் பெண்களுக்கு ஆண்களுக்கில்லாத பாகுபாடான விதிகளைப் போடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. நிகர்நிலை என்ற தகுதியை அதே மானியக் குழுச் சட்டத்திலிருந்து பெற்ற நிறுவனங்கள், கட்டணம் நிர்ணயிக்கும் உரிமையை வரி வரியாக வாசிக்கின்றன. இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

பெற்றோரும் இதில் கூட்டாளிகள்தான். "கண்டிப்பான காலேஜ்" என்பது நம் ஊரில் விளம்பர வாசகம். பெண்ணை வெளியூருக்கு அனுப்பப் பல குடும்பங்கள் சம்மதித்ததே இந்த வாசல் காவலை நம்பித்தான் என்பதையும் மறுக்க முடியாது. முதல் தலைமுறையில் அது திறவுகோலாக இருந்தது. அந்தப் பெண்ணே இன்று அம்மாவாகித் தன் மகளைச் சேர்க்க வரும்போதும் அதே பூட்டு தொங்குவதுதான் கேள்வி.

சங்கம் இல்லாத வளாகம்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தனியார் கையில் இருந்தபோதும் அங்கே அரசியல் இருந்தது. திராவிட இயக்கத் தலைவர்களான நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே படித்தவர்கள். 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளம்பிய மாணவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாணவர் ராஜேந்திரன் இறந்தார். அவருக்குச் சிதம்பரத்தில் சிலை இருக்கிறது.

இன்றைய நிகர்நிலைகளின் நிறுவனர்கள் பலரும் அரசியலில் வளர்ந்தவர்கள். வி.ஐ.டி.யின் கோ. விசுவநாதன் 1967-ல் வந்தவாசியிலிருந்து மக்களவைக்குப் போனவர், பின்னர் தமிழக அமைச்சர். எஸ்.ஆர்.எம். நிறுவனர் பாரிவேந்தர் 2010-ல் கட்சி தொடங்கி 2019-ல் பெரம்பலூர் எம்.பி. ஆனார். டாக்டர் எம்.ஜி.ஆர். நிகர்நிலையின் ஏ.சி. சண்முகம் ஒரு கட்சியின் தலைவர். சத்யபாமாவைத் தொடங்கிய ஜேப்பியார் எம்.ஜி.ஆரோடு அரசியலில் நின்றவர். மேடையும் கூட்டமும் தேர்தலும் தங்களை ஆளாக்கியதை அறிந்த இவர்களின் வளாகங்களில் மாணவர் சங்கத் தேர்தல் என்ற பேச்சு கிடையாது. 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழுப் பரிந்துரைகள் மாணவர் தேர்தலை ஒழுங்காக நடத்த வழி சொல்லியிருந்தும், மன்றப் பொறுப்பாளர்களைப் பெரும்பாலும் ஆசிரியர்கள் நேர்காணல் வைத்தே எடுக்கிறார்கள்.

சங்கத்தின் இடத்தில் விழா இருக்கிறது. வி.ஐ.டி.யில் ரிவியேரா, கிராவிட்டாஸ், எஸ்.ஆர்.எம்.மில் மிலன், ஆரூஷ். ஸ்பான்சர் பிடிப்பது, மேடை அமைப்பது, பல்லாயிரம் பேர் கூட்டத்தைச் சமாளிப்பது எல்லாம் மாணவர்களே. நிர்வாகத் திறமைக்கு நல்ல பட்டறை. ஆனால் மெஸ் கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்கும் அதிகாரம் அந்த மேடைக்கு இல்லை. கேட்க வழியில்லாத இடத்தில் கோபம் இரண்டு விதமாகத்தான் வெளிவரும்: பெயரில்லாத மீம் பக்கங்களில் கேலியாக, அல்லது என்றோ ஓர் இரவில் கண்ணாடி உடைப்பாக. இந்தத் தலைமுறைக்கு அரசியல் தெரியாது என்பவர்களுக்கு 2017 ஜனவரி மெரினாவை நினைவூட்டலாம். சங்கமே இல்லாத தனியார் கல்லூரிகளிலிருந்து வந்த பிள்ளைகளும்தான் ஜல்லிக்கட்டுக்காக அங்கே இரவு பகலாக ஒழுங்கோடு உட்கார்ந்தார்கள். குப்பையையும் அவர்களே பொறுக்கினார்கள்.

ஊரும் பல்கலைக்கழகமும்

ஒரு வட்டாரத்தில் இருப்பதால் மட்டும் பல்கலைக்கழகம் அந்த வட்டாரத்துடையது ஆகிவிடாது. எஸ்.ஆர்.எம். பக்கத்துப் பொத்தேரி ரயில் நிலையத்தில் மாலை நேரம் இறங்கிப் பாருங்கள்: தெலுங்கும் இந்தியும் தமிழை முந்தும். வி.ஐ.டி. இருக்கும் காட்பாடியிலும் அப்படியே. கிருஷ்ணன்கோவிலில் ஆந்திர மாணவர்களை நம்பியே மெஸ்களும் வாடகை வீடுகளும் நடக்கின்றன. ஊருக்கு வாடகை வருகிறது, வேலை வருகிறது, நிலத்தின் விலை ஏறுகிறது. உள்ளூர்ப் பிள்ளைக்கு இடம் வருகிறதா என்பதுதான் கேள்வி. பல குடும்பங்களில் அம்மா அந்த வளாகத்தில் துப்புரவுப் பணிக்குப் போகிறார். மகன் கலந்தாய்வு வழியே பஸ் ஏறி வேறு கல்லூரிக்குப் போகிறான்.

விலக்குகளையும் சொல்ல வேண்டும். நகர வசதிகளைக் கிராமத்துக்குக் கொண்டுபோக அப்துல் கலாம் முன்வைத்த 'புரா' திட்டத்தைப் பெரியார் மணியம்மை வல்லத்தைச் சுற்றிய 60-க்கும் மேற்பட்ட கிராமங்களில் செய்து பார்த்தது. கலாமே அதைப் பல மேடைகளில் எடுத்துக்காட்டினார். கோ. விசுவநாதன் நடத்தும் அனைவருக்கும் உயர்கல்வி அறக்கட்டளை, வேலூர் வட்டார ஏழை மாணவர்கள் வேறு கல்லூரிகளில் படிப்பதற்கும் பணம் கட்டுகிறது. எஸ்.ஆர்.எம்.மின் தமிழ்ப்பேராயம் தமிழ் எழுத்தாளர்களுக்கு விருதளிக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2022 முதல் பொறியியல் மாணவர்களுக்குத் 'தமிழர் மரபு' பாடத்தைக் கட்டாயமாக்கியது. நிகர்நிலைகளை அந்தக் கட்டாயம் தொடாது. விருது விழாவில் இருக்கும் தமிழ், வகுப்பறைக்குள் வர நிர்வாகம் நினைத்தால்தான் உண்டு.

மதிப்பெண் பலகை எதை அளக்கிறது

மத்திய அரசு 2016 முதல் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையைத்தான் எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். 2024 பட்டியலில் பல்கலைக்கழகப் பிரிவில் அமிர்தா 7-ஆம் இடம், வி.ஐ.டி. 10-ஆம் இடம். மதிப்பெண் போடும் விதத்தைப் பாருங்கள்: கற்பித்தல், வளம் ஆகியவற்றுக்கு 30, ஆய்வுக்கு 30, பட்டம் முடித்தோர் நிலைக்கு 20, பரவலான சேர்க்கைக்கு 10, பெயருக்கு 10. வாசல் எத்தனை மணிக்கு அடைக்கப்படுகிறது, மாணவர் குறை சொன்னால் எத்தனை நாளில் தீர்கிறது என்பதற்கு எந்தக் கட்டமும் இல்லை.

அதைவிட வியப்பு ஒன்று உண்டு. பரவலான சேர்க்கைக்கான 10-ல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கே போகிறது. உள்ளூர் மாவட்டப் பிள்ளைகளை நிறையச் சேர்க்கும் வளாகம் அந்தக் கணக்கில் மதிப்பெண் இழக்கும். வட்டாரப் பல்கலைக்கழகம் தன் வட்டாரத்துக்கு உண்மையாக இருப்பதைத் தரவரிசையே தண்டிக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் தரச்சான்றை நம்பலாமா என்றால், ஆந்திராவின் நிகர்நிலை ஒன்றுக்கு உயர்ந்த தரம் தரக் கையூட்டு வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது 2025 பிப்ரவரியில்.

தீர்ப்பு

தனியார் நிகர்நிலைகளை ஒட்டுமொத்தமாகக் 'கல்விக் கொள்ளை' என்று தள்ளுவதும், 'உலகத் தரம்' என்று தூக்குவதும் சோம்பேறித்தனம். பாடத் தேர்வில் வேலூர் மற்றவர்களுக்கு வழிகாட்டி. சேர்க்கை முறையில் சாஸ்த்ராவின் வழி சிறுநகரப் பிள்ளைக்கு இணக்கமானது. ஊரோடு உறவாடுவதில் வல்லத்தின் அனுபவம் மற்றவர்கள் பார்த்துக் கற்க வேண்டியது. நம்பிக்கையோடு மாணவரை வாழவிடுவதில் இவர்களில் எவருக்கும் முதல் மதிப்பெண் கொடுக்க முடியாது. மாற்ற வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விடுதி நேரம், 18 வயது நிறைந்தவரின் வெளிச்செல்கைக்கு அவருடைய கையெழுத்தே போதும் என்ற விதி, மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம். இவற்றை மானியக் குழு ஏற்கெனவே பாதி எழுதிவைத்திருக்கிறது. மீதியைத் தரவரிசைக் கணக்கில் சேர்த்தால் நிர்வாகங்கள் ஒரே ஆண்டில் செய்து முடிக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அட்மிஷன் அலுவலகத்தின் குளிர்சாதன அறையோடு திரும்பிவிடாதீர்கள். வாசலுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். நான்கு ஆண்டுக்குமான மொத்தக் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். மானியக் குழுவின் 2023 விதிப்படி குறைதீர்ப்பாளர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு கழிவு போக முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், அசல் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்துவைக்கக் கூடாது என்பவையும் மானியக் குழுவின் உத்தரவுகளே, நினைவில் வையுங்கள். பிள்ளையையும் கூட்டிப்போங்கள், கேள்விகளை அதுவே கேட்கட்டும். கடைசியாக, விடுதி விதிப் புத்தகத்தை வாங்கி முழுதாகப் படியுங்கள். அதைக் காட்ட மறுக்கும் வளாகத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.